பன்னிரண்டாம் நம்பர் கட்டில்

குருவுக்குத் தாடி இருக்கணும் என்று யார் சொன்னது? ஜெபசிங்குக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. வயது முப்பத்தாறு. பாளையங்கோட்டையில் பஞ்சர் கடை. குடியை விட்டு ஒன்பது வருஷம்.

சீடர் திருமலையப்பனுக்கு ஐம்பத்தொன்பது. மேடைப் பேச்சாளர். மதுவின் கேட்டைப் பற்றி அவர் பேசாத கோவில் கொடை விழா கிடையாது. பேசி முடித்து, போட்ட பொன்னாடையோடு நேரே போய்க் குடிப்பார்.

மனைவி கோமதி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். "ஒரு மாசம் குடிக்காம இருந்துட்டு வந்து கூப்பிடுங்க. அதுக்கு முன்னால வாசப்படி ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பாவி மனுஷனுக்கு ஒரு மாசம் எங்கே, ஒரு வாரமே தாண்டவில்லை.

குடியை விட நினைக்கிறவர்களின் கூட்டம் செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறரைக்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடக்கும். விலாசத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திருமலையப்பன் மூன்று செவ்வாய் அந்தத் தெருவையே சுற்றினார். நாலாவது செவ்வாய் வாட்ச்மேனிடம், "இங்கே பேச்சுப் போட்டி நடக்குதாமே?" என்று கேட்டார். வாய் திறந்தால் வேறு எதுவும் வரவில்லை.

பக்கத்தில் நின்ற ஜெபசிங், "உள்ளதான் நடக்கு. வாங்க அண்ணாச்சி" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

போனவர் சும்மா இருந்தாரா? அங்கே ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கதையைச் சொல்வது வழக்கம். திருமலையப்பன் எழுந்தால் ராஜா வருவார், மந்திரி வருவார், மது அரக்கன் வருவான். தன் வீட்டுக் கதை மட்டும் வராது. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும், கைதட்டும். அது முடிந்ததும் அவர் பாட்டுக்கு மதுக்கடைக்குப் போய்விடுவார்.

இப்படியே ஆறு வாரம். ஒரு வியாழக்கிழமை காலையில் பஞ்சர் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, நான் இனி வரலை."

"ஏன் அண்ணாச்சி?"

"அந்த மரக்கடை பால்துரை நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள நாப்பது தடவை திக்குறான். அவன் குடியை விட்டு ஆறு மாசமாச்சு. நான் நேத்தும் குடிச்சேன். எனக்கு மட்டும் என்ன கோளாறு?"

ஜெபசிங் வந்த வண்டியை அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில ஒருத்தர் கிடக்காரு. குடியால வந்து சேர்ந்தவரு. அவருக்கு நம்ம கூட்டத்தைப் பத்தி எடுத்துச் சொல்லணும். சாயங்காலம் வாரீங்களா?"

திருமலையப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எத்தனை பேர் இருப்பாங்க?"

"கட்டில்ல ஒருத்தருதான்."

சாயங்காலம் இருவரும் போனார்கள். ஜெபசிங் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "பன்னிரண்டாம் நம்பர் கட்டில். நீங்க போங்க" என்றார்.

கட்டிலில் இருந்தவர் இசக்கி. கொத்தனார். நாற்பது வயதிருக்கும். திருமலையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மதுவெனும் மாய வலையில் சிக்கிய மானிடா..." என்று எடுத்தார்.

"சார், அந்தத் தண்ணியைக் கொஞ்சம் எடுத்துத் தாரியளா?" என்றார் இசக்கி.

கொடுத்தார். இசக்கியின் கை உதறிய உதறலில் பாதித் தண்ணீர் அவர் நெஞ்சிலேயே கொட்டியது. மனுஷன் கூசிப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருமலையப்பன் டம்ளரை நிரப்பி, தானே பிடித்துக் குடிக்க வைத்தார்.

"எனக்கும் இப்படித்தான்" என்றார். "காலையில சட்டைப் பொத்தான் போட முடியாது. பொண்டாட்டிதான் போட்டு விடுவா. நேரமாச்சுன்னு அவளையே ஏசுவேன்."

இசக்கி திரும்பிப் பார்த்தார். "இப்பவும் போட்டு விடுதாங்களா?"

"இல்லை. போயிட்டா."

சொன்னதுதான் தாமதம், அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எத்தனையோ மேடையில் மற்றவர்களை அழவைத்தவர், வார்டு என்றும் பார்க்காமல் தேம்பினார். இசக்கி நடுங்குகிற கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

"பேசியாச்சா அண்ணாச்சி?"

"எங்க பேசுனேன்! மானமே போச்சு தம்பி. உருப்படியா நாலு வார்த்தை வரலை. அந்த மனுஷன் முன்னால உக்காந்து அழுதுட்டு வாரேன். என்னைப் போய் அனுப்புனீங்களே!"

"அவரு என்ன சொன்னாரு?"

"கூட்டம் எங்க நடக்குன்னு கேட்டாரு. நாளைக்குக் காலையில டிஸ்சார்ஜ் பண்ணிருவாங்களாம். தனியா வரக் கூச்சமா இருக்குன்னாரு."

"நீங்க?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். ஏதோ ஒரு வேகத்துல கொடுத்துட்டேன்..."

ஜெபசிங் எழுந்து அவர் தோளில் கை போட்டார்.

"அப்போ நாளைக்கு ஆறு மணி வரைக்கும் நீங்க குடிக்க முடியாது அண்ணாச்சி."