இருபத்திரண்டு லிட்டர் நெய்

மடத்துக்கு வந்து மூன்று வருஷமாகியும் தீட்சை கிடைக்கவில்லையே என்று வைத்தியலிங்கம் வாத்தியாருக்கு ஒரே மனக்குறை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற மனுஷன். குரு கோமதி அம்மையோ அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதையும் பொறுத்துக்கொண்டுதான் கைகட்டி நின்றார், பாவம்.

அன்றைக்கு வாய்விட்டே கேட்டுவிட்டார்.

“அம்மா, எங்கிட்ட இன்னும் எவ்வளவு குறையுது?”

அம்மை அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார். “நாளைக்கு ஒரு துலாபாரம் இருக்கு வாத்தியாரே. சுடலைவடிவுன்னு ஒரு பொண்ணு. காய்ச்சல்ல பிழைச்ச மகளுக்கு, எடைக்கு எடை நெய் தாரேன்னு முருகனுக்கு நேர்ந்திருக்கா. பிள்ளை இருபத்திரண்டு கிலோ. நெய் உங்க பொறுப்பு. நிறுத்துப் பாத்துருங்க.”

மடத்துச் சமையல்காரன் நான். சாமான் வைக்கும் உக்கிராண அறையில் அவருக்கு விளக்குப் பிடித்தேன். அவர் லிட்டர் செம்பால் மளமளவென்று அளந்து ஊற்றினார். இருபத்திரண்டு செம்பு.

“அம்மா நிறுக்கச் சொன்னாங்களே?” என்றேன்.

“ஒரு லிட்டர்னா ஒரு கிலோ. எனக்கே கணக்கா?”

எனக்குக் கரண்டிக் கணக்குதான் தெரியும்.

மறுநாள் சன்னதி முன்னால் பெரிய தராசு. ஒரு தட்டில் பிள்ளையும், சமத்துக்கு ஒரு காலி அண்டாவும். எதிர்த்தட்டில் அதே மாதிரி அண்டாவில் நெய். தட்டுகளைத் தாங்கிய முட்டுக் கட்டையை எடுத்ததும் பிள்ளையின் தட்டு தொம்மென்று கீழே உட்கார்ந்தது. நெய்த்தட்டு மேலேயே நின்றது. இறங்கவே இல்லை.

“வேண்டுதல்ல ஏதோ குத்தம்,” என்றார் கூட்டத்தில் ஒருத்தர். அந்த வாயைத் தைக்க வேண்டும்.

சுடலைவடிவுக்கு முகம் வெளிறிப்போயிற்று. “ஐயோ! நெய் வேண்டாங்கானே! என் பிள்ளையத்தான் திரும்பக் கேக்கானா?”

யாரும் தடுப்பதற்குள் கம்மலைக் கழற்றி நெய்த்தட்டில் போட்டாள். இறங்கவில்லை. வளையலைப் போட்டாள். இறங்கவில்லை. கொலுசையும் உருவிப் போட்டாள். தராசில் இருந்தபடியே பிள்ளை வீறிட்டு அழுதது.

வாத்தியார், நெய் ஊற்றிய கையைக் கழுவிய வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் மேல் நெய் மிதந்துகொண்டிருந்தது. அந்த மனுஷனுக்கு வேர்த்து ஊற்றியது. வாய் மட்டும் திறக்கவில்லை.

சுடலைவடிவின் கை தாலிக்குப் போயிற்று.

“வேண்டாம்மா!” வாத்தியார் அலறினார். “சாமி ஒண்ணும் கேக்கல. தப்பு என்னுது! நெய் தண்ணியைவிட லேசு. லிட்டருக்குத் தொண்ணூறு கிராம் குறையும். நான் நிறுக்காம லிட்டர்ல அளந்துட்டேன். ரெண்டு கிலோ குறையுது, அவ்வளவுதான்!”

நகைகளை அள்ளி அவள் மடியில் போட்டுவிட்டு, ஓடிப்போய் நெய் கொண்டுவந்து ஊற்றினேன். தட்டு மெல்ல இறங்கிச் சமமாக நின்றது. அவள் பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாத்தியாரை ஒரு வார்த்தை திட்டக்கூட இல்லை.

கூட்டம் கலைந்ததும் வாத்தியார் அம்மையின் காலில் விழுந்தார்.

“கணக்கு தப்பிப்போச்சும்மா.”

“அது யாருக்கும் தப்பும். எழுந்திருங்க. நெய் லேசுன்னு எப்போ தெரிஞ்சுது?”

வாத்தியார் தலை நிமிரவில்லை.

“கம்மல் விழும்போதே.”

“நேத்து கேட்டீங்களே, எவ்வளவு குறையுதுன்னு,” என்றார் அம்மை. “கம்மலுக்கும் தாலிக்கும் நடுவுல சும்மா நின்னீங்களே வாத்தியாரே, அவ்வளவு.”