தனியாகப் பிரித்த நொதி

பூவரசனுக்குச் சத்தம் ஆகாது. அப்படித்தான் அவன் சொல்லிக்கொண்டான். பேராசிரியர் தில்லைநாயகியின் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஒரே அறையில் வேலை செய்ய, அவன் மட்டும் மூலையில் கிடந்த சாமான் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். தசைச் செல்களை உடைத்து, சர்க்கரையை எரிக்க உதவும் ஒரு நொதியை மட்டும் பிரித்தெடுப்பது அவன் ஆராய்ச்சி.

முதலில் மற்றவர்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "நீங்க சாப்பிடுங்க" என்று கதவைச் சாத்தினான். போகப்போகக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அவன் நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் மதியத்தில் அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தமும் சிரிப்பும் கேட்டால் அவன் வேலையை விட்டுவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். தானாகப் போய் உட்கார ரோஷம் விடவில்லை.

நொதியும் அவனைக் கைவிட்டது. சுத்தம் செய்யச் செய்ய அதன் வேலை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் வேறெதுவும் கலக்காமல் பிரித்தெடுத்ததைச் சர்க்கரைக் கரைசலில் விட்டபோதும் அது சும்மா கிடந்தது. நொதியின் வேலையை அளக்கும் கருவியின் திரையில் கோடு எழும்பவே இல்லை.

அன்று அவன் பேராசிரியர் முன்னால் போய் நின்றான்.

"மேடம், எனக்கு இது சரிப்படாதுங்க. ஊருக்கே போயிடறேன்."

"என்னாச்சு?"

"நொதி செத்துப் போச்சுங்க. இவ்வளவு சுத்தமா எடுத்தும் அசைய மாட்டேங்குது. ஏன்னு மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

தில்லைநாயகி மற்றவர்கள் இருந்த அறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"ஜெபராணிகிட்டப் போய்க் கொஞ்சம் நூல் வாங்கிட்டு வா."

செல்லுக்கு உருவம் கொடுப்பவை அதற்குள் ஓடும் மெல்லிய புரத நூல்கள். ஜெபராணி அவற்றை ஆராய்பவள். பூவரசனோ செல்களை உடைத்துச் சுழற்றிய பிறகு, அடியில் தங்கும் வண்டலோடு அவற்றைத் தினமும் கொட்டிக்கொண்டிருந்தான்.

"நானாங்க? வேற யாரையாச்சும் அனுப்பலாமுங்களே."

"நீதான்."

மற்றவர்கள் வேலை செய்யும் அறை வாசலில் வெகுநேரம் நின்றான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? ஜெபராணியே நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன வேணும், பூவரசன்?"

தன் பெயரை யாரோ சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவனுக்குத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது.

"நூல். கொஞ்சமாப் போதுங்க."

எதற்கென்று அவள் கேட்கவில்லை. ஒரு சின்னக் குழாயில் எடுத்துக் கொடுத்தாள்.

"குலுக்கிடாதீங்க, அறுந்துடும்."

அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான்.

தில்லைநாயகி முதலில் சர்க்கரைக் கரைசலில் நூலை மட்டும் போட்டுக் கருவியில் வைத்தார். கோடு படுத்தே கிடந்தது. பிறகு அதே கரைசலில் பூவரசனின் நொதியைச் சொட்டு விட்டார். கோடு மெதுவாக எழுந்தது. பிறகு ஏறிக்கொண்டே போனது.

பூவரசன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சாகலைங்க மேடம். நூலைப் புடிச்சுக்கிட்டதும் வேலை செய்யுதுங்க."

"ம்."

"அப்ப எதுங்க நெசமான நொதி? நூலைப் புடிச்சுட்டு இருக்கறதா, தனியா நின்னதா?"

தில்லைநாயகி கையுறையைக் கழற்றினார்.

"செல்லுக்குள்ள அது தனியா இருந்ததே இல்லப்பா. தனியாக்கினது நீ."