வேகம் பார்த்த நேரம்

ஆலங்குளத்தில் ஒரு கணினி மையம். அங்கிருந்த கணினிக்குள் வேகமானி என்றொரு நிரல் குடியிருந்தது. அதற்குப் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் பெயரைத் தட்டினால் எழுந்து வரும். இணையத்தின் வேகத்தை அளந்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். தன் எண் தவறியதே இல்லை என்பது அதன் பெருமை.

ஒரு நாள் மாலை, ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், பேச்சித்தாயின் விண்ணப்பம் இணையக் கம்பியில் ஏறியது. செவிலியர் வேலைக்கான விண்ணப்பம். ஐந்து மணியோடு வாசல் அடைபடும். விண்ணப்பம் மெல்லத்தான் போனது, ஆனால் போய்க்கொண்டிருந்தது.

"யக்கா, அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும்" என்றாள் பேச்சித்தாய்.

"பொறு, நெட்டு எப்படி இருக்குன்னு பாத்துருவோம்" என்று மையக்காரி ஜெபராணி கறுப்புத் திரையைத் திறந்து வேகமானியின் பெயரைத் தட்டினாள்.

வேகமானி எழுந்தது. கம்பிக்குள் மூட்டை மூட்டையாக ஏற்றியது. விண்ணப்பம் ஓரத்தில் நின்றுவிட்டது.

"மூட்டையில என்னண்ணே?" என்று கேட்டது விண்ணப்பம்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு இடம்?"

"கம்பி நிறைஞ்சாத்தான் அளக்க முடியும். தள்ளி நில்லு."

"ஒரு போட்டோ, ரெண்டு சான்றிதழ், ஒரு கையெழுத்து. நான் அவ்வளவுதாண்ணே. முதல்ல விட்டுருங்க."

கம்பிக்கே பொறுக்கவில்லை. "ஏலே, அந்தப் பிள்ள போகட்டும். அப்புறமா அள."

"கூப்பிட்டது என்னை" என்றது வேகமானி.

எண் வந்தது. ஜெபராணி மறுபடியும் தட்டினாள். மூன்று முறை அளந்து சராசரி பார்ப்பது அவள் வழக்கம்.

"பிரஷரே நாங்க ரெண்டு தடவதான் பாப்போம் யக்கா" என்றாள் பேச்சித்தாய், சிரிக்க முயன்று.

"மூணு பாத்தாத்தான் சரியா தெரியும்."

மூன்றாவது எண் வந்தபோது கம்பி காலியானது. விண்ணப்பம் ஓடியது. வாசலை எட்டியபோது ஐந்து மணி ஒரு நிமிடம். திரையில் 'காலக்கெடு முடிந்தது' என்று வந்தது.

ஜெபராணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக உறைக்குள் வைத்தாள்.

"நான் அளந்தது சரிதானே?" என்று கேட்டது வேகமானி. முதன்முறையாக அதன் குரல் இறங்கியிருந்தது.

"சரிதான். அந்தப் பிள்ள போற வேகத்தைத்தான் நீ அளக்கல" என்றது கம்பி.

விண்ணப்பத்தை யாரும் அழிக்கவில்லை. வாசலிலிருந்து திரும்பி, தள்ளி நிற்கச் சொன்ன இடத்திலேயே அது இன்னும் இருக்கிறது.