ஆளில்லாத நான்கு பொந்துகள்

ஏரிக்கரை இலுப்பை மரத்தில் பதினாறு பொந்துகள் இருந்தன. வாசலில் பச்சைப்புல் செருகியிருந்தால் அங்கே குடியிருப்பதாகக் கணக்கு. பாதிக்கு மேற்பட்ட குடிகள் கூடினால்தான் எந்த முடிவும் செல்லும். முன்பு நாலு பேர் மட்டும் பேசிவைத்து ஒரு வேரையே வெட்டிவிட்டார்கள். அதிலிருந்து இந்த ஏற்பாடு.

அந்தப் புரட்டாசியில் ஏரித்தண்ணீர் மரத்தின் அடிமண்ணை அரிக்கத் தொடங்கியது. அடைமழைக்கு முன் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பாவிட்டால் மரம் சாய்ந்துவிடும். வெட்டத் தெரிந்த பெருச்சாளியோ, "மரத்தார் கூடிச் சொல்லட்டும். அப்புறம்தான் மண்ணில் கை வைப்பேன்" என்றது.

தலைவர் மரங்கொத்தி டொக் டொக்கென்று தட்டிக் கூட்டம் போட்டது. வந்தது ஏழே பேர்.

"ஒன்பது பேர் வேணும். கூட்டம் செல்லாது."

மூன்று கூட்டமும் இப்படியே கலைந்தது.

"இந்தக் கிளிகளுக்குக் கொய்யாத் தோப்பே கதி. எட்டிப் பார்க்குதுங்களா?" என்று அலுத்துக்கொண்டது செவந்தி மைனா.

அணிலுக்குப் பொறுக்கவில்லை. "கிளியைச் சொல்லி என்ன, அத்தை? பறந்துபோன உங்க நாலு பிள்ளைங்க பொந்தும் கணக்கிலேதானே இருக்கு. வாரம் தவறாம புல் மாத்துறீங்க."

"வடக்கே பழம் தீர்ந்தா வந்துருவாங்க. வாசல் வெறிச்சோடி இருந்தா, அம்மா மறந்துட்டாள்னு நினைக்க மாட்டாங்களா?"

"போய் மூணு வருஷம் ஆச்சு, அத்தை."

மரங்கொத்தி தொண்டையைச் செருமியது. "எல்லாருக்கும் தெரியும்மா. உன்கிட்ட சொல்லத்தான் வாய் வரலை."

செவந்தி பறந்துபோய்க் கடைக்குட்டியின் பொந்தருகே உட்கார்ந்தது. தலையை வெளியே நீட்டியபடியே தூங்கும் பிள்ளை அது. கீழே மண் சரிந்து தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

"கடவுளே, எங்கே இருந்தாலும் என் பிள்ளைங்களுக்கு ஒரு நல்ல கிளையைக் கொடு" என்று வேண்டிக்கொண்டு, நான்கு வாசல் புல்லையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கியது.

"இப்போ பன்னிரண்டு வீடு. ஏழு பேர் இருக்கோம். எண்ணிக்கோங்க, தலைவரே."

கூட்டம் செல்லுபடியானது. அன்றே பெருச்சாளி மண்ணில் இறங்கியது. ஐப்பசி வெள்ளம் புது வாய்க்காலில் இரைந்து ஓடியது, மரம் அசையவில்லை.

மழை விட்ட காலையில் செவந்தி உச்சிக் கிளையில் ஈரச் சிறகை உலர்த்திக்கொண்டு வடக்கையே பார்த்திருந்தது.

போன பிள்ளைகள் என்றாவது திரும்பி வர வீடு வேண்டுமென்றால், இன்று அதில் இருப்பவர்கள்தான் கூடி அதைக் காக்க வேண்டும்.