கம்ப்யூட்டர் எழும்பும் நேரம்

சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். அங்கே குருவாக இருந்தவர் மரகதவல்லி. நாற்பத்தைந்து வயது. எல்லோருக்கும் அவர் அம்மா. அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்த சீடர் தில்லைநாயகத்துக்கும் அம்மாதான்.

தில்லைநாயகம் அரசு உத்தியோகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். ஏழு வருஷமாக அவருக்கு ஆசிரமத்தில் ஒரே வேலை. மத்தியானம் மூன்று மணிக்கு அம்மா பேசுவார். இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேசுவதைக் கம்ப்யூட்டரில் டைப் செய்வார். அந்த நாற்காலியை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. காய்ச்சல் வந்தபோதுகூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. பொத்தானை அழுத்தினால் எழும்புவதற்குப் பதினொரு நிமிடம் ஆகும். அதுவரை அம்மா கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். தில்லைநாயகத்துக்கு அந்தப் பதினொரு நிமிடம் ரொம்பப் பிடிக்கும். அறையில் அம்மாவும் அவரும் மட்டும்தான்.

அப்போதுதான் அல்போன்ஸ் வந்து சேர்ந்தான். தூத்துக்குடிக்காரன், முப்பது வயது, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். வந்து ஏழு மாதம் ஆகிறது. அம்மா அவனை 'வாடா' என்றார். தில்லைநாயகத்தை ஏழு வருஷமாக 'வாங்க' என்றுதான் சொல்கிறார். மரியாதைதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனாலும் அந்த 'டா' காதில் விழும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான்; அதற்கு வேறு பெயர் வைத்து மழுப்புவானேன்? அல்போன்ஸ் இலையில் விழும் அப்பளம் தன்னுடையதைவிடப் பெரிதா என்றுகூடப் பார்க்க ஆரம்பித்திருந்தார், பாவம்.

ஒரு நாள் அல்போன்ஸ் சொன்னான்.

"அம்மா, மெஷின்ல கோளாறு இல்ல. உள்ள இருக்கிற ஹார்டு டிஸ்க்தான் பழசு. அதுக்குப் பதிலா எஸ்.எஸ்.டி.ன்னு இப்ப ஒண்ணு வருது. விண்டோஸு, நீங்க பேசினது, எல்லாத்தையும் அப்படியே அதுக்கு மாத்திட்டா சட்டுன்னு எழும்பிரும்."

"மாத்திருடா" என்றார் அம்மா.

தில்லைநாயகம் எழுந்து நின்றார். "அம்மா, ஏழு வருஷமா அந்த மெஷின்ல கை வச்சது நான் ஒருத்தன்தான். நானே மாத்தறேன்."

அம்மா இருவரையும் பார்த்தார். "சரி, நீங்களே மாத்துங்க."

எஸ்.எஸ்.டி. வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும், குளிக்கிற சோப்பைவிடக் கனம் குறைவு.

"நானும் கூட இருக்கட்டுமா, ஐயா?" என்று அல்போன்ஸ் கேட்டான்.

"தேவைப்பட்டா கூப்பிடறேன்" என்றார் தில்லைநாயகம். கூப்பிடப் போவதில்லை என்பது அந்தக் குரலிலேயே இருந்தது.

போனில் வீடியோவை மூன்று தடவை பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார். பழையதில் இருந்ததெல்லாம் புதியதற்குப் போய்ச் சேர ஐந்து மணி நேரம் பிடித்தது. ஒரு எழுத்து பாக்கியில்லை. வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தார், குறை சொல்ல முடியாது. பழைய டிஸ்க்கை மட்டும் கழற்ற மனசு வரவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று புதியதன் பக்கத்திலேயே விட்டுவைத்து மூடினார்.

மறுநாள் மூன்று மணிக்குப் பொத்தானை அழுத்தினார். பதினொரு நிமிடம் ஆனது.

முதலில் அவர் முகம் தொங்கிப்போனது. ஐந்தாவது நிமிடத்தில் ஒரு யோசனை வந்தது. புதுசு வாங்கச் சொன்னது யார்? அல்போன்ஸ். சட்டென்று எழும்பும் என்றது யார்? அல்போன்ஸ். பதினொன்றாவது நிமிடத்தில் தில்லைநாயகத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாயங்காலத்துக்குள் ஆசிரமம் முழுக்கச் சொல்லிவிட்டார். "பெரிய நிபுணராம். ஒரு நிமிஷம்கூடக் குறையல."

அது அல்போன்ஸ் காதுக்கும் போனது. வந்து பணிவாகச் சொன்னான். "ஐயா, பழசு உள்ளேயே இருக்கா? மெஷின் இன்னும் அதுலேருந்துதான் எழும்புதுன்னு நினைக்கேன். அதைக் கழட்டிட்டுப் போட்டுப் பாருங்களேன்."

"ஏழு வருஷமா இது கூட இருக்கேன், தம்பி. நீ வேலையைப் பாரு."

பன்னிரண்டு நாள் போனது. பன்னிரண்டு நாளும் அம்மா பேசினார், இவர் டைப் செய்தார், கம்ப்யூட்டர் பதினொரு நிமிடத்தில் எழுந்தது.

பதின்மூன்றாம் நாள் காலையில் அம்மா அல்போன்ஸிடம் சொன்னார். "இன்னிக்கு மூணு மணிக்கு நீயும் வந்து உட்காருடா."

தில்லைநாயகம் அறைக்குப் போய்ப் பார்த்தார். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது.

திரும்பி வந்து துணிமணியைப் பையில் அடுக்கினார். அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பது, பதில் சரியில்லையென்றால் நாலரை மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் முன்பே போய்ப் பொத்தானை அழுத்தினார். அம்மா வந்து உட்கார்ந்தார். அல்போன்ஸ் இன்னும் வரவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நான் வந்து ஏழு வருஷம். அவன் வந்து ஏழு மாசம். எதுக்காக அவன்?"

திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆபீஸை எதுக்காக விட்டீங்க?" என்று கேட்டார் அம்மா.

தில்லைநாயகம் மூச்சு விடாமல் சொன்னார். "ஜூன் பதினாலு, செவ்வாய்க்கிழமை, காலையில பதினொன்றரை மணி. சீனியாரிட்டி லிஸ்ட்ல நான் முப்பத்தெட்டு, குலசேகரன் நாப்பத்தொண்ணு. அவனைத் தூக்கி எனக்கு மேல உட்கார வச்சாங்க. அன்னிக்கு மாம்பழக் கலர்ல சட்டை போட்டுட்டு வந்தான். என்னைப் பாத்து, 'வர்றேன் சார்'னு சிரிச்சான். அன்னியோட எனக்கு விட்டுப்போச்சு."

"இங்க வந்தது எந்தத் தேதி?"

"அது... ஆடி மாசம். இல்ல, ஆவணியா இருக்கும்."

"என்ன கிழமை?"

தில்லைநாயகம் யோசித்தார்.

"முதல் நாள் நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

எவ்வளவு துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை. ஏழு வருஷம் அம்மா பேசியதில் ஒரு வார்த்தை விடாமல் டைப் செய்த மனுஷன் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷினை நிறுத்துங்க" என்றார் அம்மா. "அந்தப் பழைய டிஸ்க்கைக் கழட்டுங்க."

"கழட்டிட்டு எழும்பலைன்னா? ஏழு வருஷம், அம்மா!"

"எழும்பலைன்னா அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் நிறுத்தினார். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தார். பழைய டிஸ்க்கின் கேபிள்களை உருவி, ஸ்க்ரூக்களைக் கழற்றி, அதை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். பொத்தானை அழுத்தினார்.

ஒரு ஸ்க்ரூ உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தார். திரை முழுசாக எழும்பி அவருக்காகக் காத்திருந்தது.

அவர் அம்மாவின் பேச்சுகள் இருந்த இடத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் வருஷம் இருந்தது. நாலாவது வருஷம் இருந்தது. எல்லாம் இருந்தது. கடைசிக்கு வந்ததும் முகம் மாறியது.

"அம்மா, இந்தப் பன்னிரண்டு நாள் பேசினது இதுல இல்ல."

"எங்க போச்சு?"

"பழசுல இருக்கு. புதுசை உள்ள வச்சுக்கிட்டே தினமும் நான் அதுலதான் எழுதியிருக்கேன்."

"எடுத்து இதுல சேத்துருங்க."

"இதைத் தனியா வச்சு எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியாதே."

"அல்போன்ஸ் வருவான். அவன்கிட்ட கேட்டுக்குங்க."

தில்லைநாயகம் விறைத்துக்கொண்டார். மேசையிலிருந்து எடுத்த பழைய டிஸ்க் அவர் கையில் இருந்தது.

"அவன்கிட்டயா? அம்மா, நான் இங்க வந்து ஏழு வருஷம் ஆச்சு."

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இல்ல. நீங்க இங்க வந்து அஞ்சு நிமிஷம்தான் ஆகுது. அவன் உங்களைவிட ஏழு மாசம் மூத்தவன்."