பூட்டு வாயடைத்த கதை

அந்தக் காலத்தில் விலங்குகளும் வீட்டுச் சாமான்களும் பேசும். உலை கொதித்தால் பானை கூப்பிடும். கதவைச் சாத்திப் பூட்டினால், "பூட்டியாச்சு, போய் வா" என்று பூட்டு சொல்லும். அந்தச் சொல்லை நம்பித்தான் ஊரே வெளியே போய்வந்தது.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பிச்சம்மாள் என்றொருத்தி இருந்தாள். கண்டிப்பானவள், ஒரு மணி நெல்லுக்கும் பொறுப்புச் சொல்கிறவள். அதனால் ஊரார் தங்கள் விதைநெல்லை அவள் கொட்டடியில்தான் சேர்த்து வைத்திருந்தார்கள்.

பக்கத்து ஊரில் அம்மன் கொடைத் திருவிழா வந்தது. பிச்சம்மாள் கொட்டடியைப் பூட்டினாள். பூட்டிடமிருந்து சத்தமே இல்லை.

"என்ன, பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சு, அக்கா. போய் வா."

மதியம் திரும்பி வந்தால் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே குரங்குக் கூட்டம். கிழட்டுக் கடுவன் ஒன்று கன்னம் புடைக்க நெல்லை அடக்கிக்கொண்டு, "திறந்திருந்தது, நுழைந்தோம்" என்று சொல்லிவிட்டுக் கூரையேறிப் போனது. தின்றது போக மிச்சமெல்லாம் தெருச் சேற்றில் இறைந்து கிடந்தது.

ஊர் கூடிவிட்டது. "இந்தப் பொய்க்காரனைக் கிணற்றில் போடு" என்றார்கள். பிச்சம்மாள் பூட்டைக் கையில் எடுத்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னாய்?"

"சாரலில் உள்ளே துருவேறிவிட்டது, அக்கா. கொண்டி சரியாக இறங்கவில்லை. சொன்னால் தூக்கி எறிந்துவிடுவாயோ என்று பயந்தேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும், எல்லோரையும்போல் தானும் இழுத்துப் பார்க்காமல் கேட்டதோடு நின்றுவிட்டது உறுத்தியது. சேற்றில் கிடந்ததைக் கழுவிக் காயப்போட்டாள். குறைந்ததற்குத் தன் பங்கு விதையை அளந்து கொடுத்தாள். அந்த வருஷம் அவள் வயல் மட்டும் தரிசாகக் கிடந்தது.

பூட்டை அவள் எறியவில்லை. துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டாள்.

"பயந்தவன் சொல்லை நம்பி ஊர்ச் சொத்தை வைக்க முடியாது. நீ இனிமேல் பேச வேண்டாம். உன் வேலையைப் பார். பூட்டியதா இல்லையா என்று என் கை தெரிந்துகொள்ளும்."

சொல்லிவிட்டு எல்லார் முன்னாலும் பூட்டைப் போட்டு, பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். அது அசையவில்லை. அவள் நிமிர்ந்து நடந்து போனாள்.

அன்று வாயடைத்த பூட்டு இன்றுவரை பேசவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டாலும், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நாம் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பதும் அன்று முதல்தான்.