எள்ளுக்கு வந்த சுங்கம்

இன்றைக்குப் பெய்கிற மழை அன்றைக்கும் பெய்தது, இன்றைக்கு ஏறுகிற விலை அன்றைக்கும் ஏறியது. அப்படியொரு காலத்தில் நடந்த கதை இது, கேளுங்கள்.

சேந்தியாற்றின் தென்கரையில் முல்லங்குடி என்றொரு நாடு. அதை ஆண்டவன் கதிரவேள். அவனிடம் யானை இருந்தது, குதிரை இருந்தது, எதையும் விளக்கிச் சொல்ல ஒரு மந்திரியும் இருந்தார். அவர் விளக்க ஆரம்பித்தால் தெளிந்த நீரும் கலங்கிவிடும்.

அந்த நாட்டில் முரசறைந்து அரசாணை சொல்கிறவன் வீரட்டான். அவன் குரல் மூன்று தெரு தாண்டிக் கேட்கும். ஓலையில் உள்ளதை உரக்கச் சொன்னால் அவன் வேலை முடிந்தது. ஆனால் ஊரார் விடமாட்டார்கள். "அரண்மனைக்குள் போய்வருகிற மனுஷன், உமக்குத் தெரியாததா?" என்று சூழ்ந்துகொள்வார்கள். அந்தப் பேச்சு அவனுக்கு வெல்லக்கட்டி. அதற்காகவே ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவைப்பான்.

ஒருநாள் முரசு அதிர்ந்தது.

"வடகரையிலிருந்து வரும் எள்ளுக்கு மூன்றில் ஒரு பங்கு சுங்கம்! வடகரை வணிகரே அதைச் செலுத்துவர்! நம் நாடு செழிக்கும்!"

சந்தையே ஆரவாரம் செய்தது. அடுத்த நாட்டுக்காரன் பணம் கட்டுகிறான் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

சந்தை முனையில் பணியாரம் சுட்டு விற்கும் மங்காத்தாள் மட்டும் கைவேலையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். இரண்டு பெண்பிள்ளைகளும் அந்த அடுப்பை நம்பித்தான் இருந்தார்கள்.

"அண்ணே, வீட்டில் இரண்டு குடம் எண்ணெய் சேர்த்து வைத்திருக்கிறேன். வணிகர் ஒருத்தர் கேட்கிறார். கொடுக்கலாமா, வைத்துக்கொள்ளட்டுமா?"

வீரட்டானுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களே!

"கொடுத்துவிடு தாயே. வடகரைப் பணம் வந்து குவியும்போது இங்கே விலை தானாக இறங்கும்" என்றான்.

அவள் விற்றுவிட்டாள்.

விலை இறங்கவில்லை. நாழி எண்ணெய் இரண்டு காசு விற்றது மூன்றாயிற்று, நான்காயிற்று, ஐந்தில் போய் நின்றது.

இரண்டாம் முறை முரசு அதிர்ந்தது. "பதுக்கல்காரர்களால்தான் விலை ஏறியது! நாழி மூன்று காசுக்கு மேல் விற்றால் தண்டனை!" ஊரார் வீரட்டானைச் சூழ்ந்தார்கள். "இனிக் கவலையே இல்லை" என்றான். மறுநாள் சந்தையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கடையின் முன்வாசல் மூடியிருந்தது. கொல்லைவாசலில் நாழி ஆறு காசுக்குப் போயிற்று.

மூன்றாம் முறை முரசு அதிர்ந்தது. "வடகரை எள் எதற்கு? நம் மண்ணில் விளைந்ததை வாங்குங்கள்!" கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்: "நம் மண்ணில் விளைந்த எள் எந்த ஆற்றைத் தாண்டியது? அதற்கும் ஏன் ஐயா விலை ஏறியது?"

வீரட்டான் முரசைத் தோளில் மாட்டினான். "அதெல்லாம் பெரிய இடத்து விஷயம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

அன்று அவன் வீட்டுக் குழம்பிலும் தாளிப்பு இல்லை. வாயில் வைத்தான், இறங்கவில்லை. சுங்கம் கொடுப்பது வடகரைக்காரன், நிறைவது அரண்மனைக் களஞ்சியம். பிறகு நம் வீட்டுச் சட்டி ஏன் காய்கிறது? யோசிக்க யோசிக்க, பூனை புரட்டிய நூல்கண்டாக மனம் சிக்கிக்கொண்டது.

கேட்டுப் பார்ப்போம் என்று கிளம்பினான்.

ஆற்றுத் துறையில் சுங்க அதிகாரியைக் கேட்டான். "வடகரையார் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். விலையைப் பற்றி எனக்கென்ன தெரியும்?" என்றார் அவர்.

எள் விளைவிக்கும் பண்ணையாரைக் கேட்டான். "வடகரை எள் ஏறி விற்கும்போது என் எள்ளை மட்டும் பழைய விலைக்குக் கொடுக்க எனக்குப் பைத்தியமா?" என்றார்.

செக்கு ஓட்டுகிறவனைக் கேட்டான். "எள் வரத்தே பாதியாகிவிட்டது. மாடு நிற்கிறது, நானும் நிற்கிறேன்" என்றான் அவன்.

மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றியது.

திரும்பும் வழியில் ஒரு களத்து மேட்டில் மங்காத்தாள் கூலிக்கு நெல் குத்திக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளைகள் இருவரும் உமி புடைத்தார்கள். வீரட்டானைக் கண்டதும் உலக்கையை நிறுத்தினாள்.

"தாயே, எனக்கும் ஒன்றும் புரியவில்லை" என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

"அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் வேறு யாரையாவது கேட்டிருப்பேனே, அண்ணே."

அவள் கத்தவில்லை. மறுபடி உலக்கையை எடுத்துக்கொண்டாள். அந்த உலக்கைச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் அவனுக்குக் கேட்டது.

மறுநாள் மந்திரி புது ஓலை கொடுத்தார். 'மக்கள் சுங்கத்தைப் புரிந்துகொண்டார்கள், மகிழ்ந்தார்கள்' என்று அதில் இருந்தது. வீரட்டான் முரசைத் தொடவில்லை. காவலர் அவனைச் சபைக்கு இழுத்துப் போனார்கள்.

"ஏன் முரசு ஒலிக்கவில்லை?" என்றான் அரசன்.

வீரட்டான் கைகூப்பினான். "அரசே, முதல் ஆணையே எனக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் பேசி ஒரு பெண்ணின் அடுப்பை அணைத்துவிட்டேன். இன்னொரு முறை செய்யமாட்டேன்."

மந்திரி சிரித்தார். "முரசடிக்கிறவனுக்கு எதற்குப் புரிய வேண்டும்?"

"பரவாயில்லை, விளக்கும்" என்றான் அரசன்.

மந்திரி ஒருமுறை விளக்கினார். வீரட்டான் "புரியவில்லை" என்றான். இரண்டாம் முறை விளக்கினார். முதலில் சொன்னது இதில் இல்லை. மூன்றாம் முறை விளக்கினார். அது முன்னிரண்டையும் அடித்துப்போட்டது. சபையில் எல்லாரும் வழக்கம்போல் தலையாட்டினார்கள். அரசன் மட்டும் ஆட்டவில்லை.

காணிக்கையோடு வந்திருந்த வடகரை வணிகர் ஒருவர் ஓரமாக நின்றிருந்தார். அரசன் அவரைப் பார்த்து, "சுங்கத்தைக் கொடுப்பது நீர்தானே?" என்று கேட்டான்.

"என் கையால்தான் கட்டினேன் அரசே. கட்டியதை மூட்டையின் விலையில் ஏற்றினேன். வேறு எதில் ஏற்றுவது?"

அரசன் சபையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "எனக்கும் அன்றைக்கே புரியவில்லை. எல்லாரும் தலையாட்டினீர்கள், நானும் ஆட்டினேன்."

சுங்கம் பாதியாயிற்று. மூன்று காசுக் கட்டளை போயிற்று. முன்வாசல்கள் திறந்தன. விலையும் மெல்ல இறங்கியது. ஆனால் பழைய இரண்டு காசுக்கு வரவில்லை. பண்ணையார்கள் முணுமுணுத்தார்கள். நம் எள்ளைக் காக்கச் சுங்கம் வேண்டும் என்றார்கள் சிலர், வேண்டாம் என்றார்கள் சிலர். வீரட்டான் தன் வெள்ளிக் காப்பை விற்று மங்காத்தாளுக்கு இரண்டு குடம் எண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

சில மாதம் கழித்துப் பாக்குக்குச் சுங்கம் என்று ஓலை வந்தது. வீரட்டான் முரசறைந்து சொல்லி முடித்தான். கூட்டம் சூழ்ந்தது.

"இது நல்லதா, கெட்டதா?"

"எனக்குத் தெரியாது" என்றான் வீரட்டான்.

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருத்தி கேட்டாள்: "அப்படியானால் யாருக்குத் தெரியும்?" பாக்கு விற்கிறவன் ஒன்று சொன்னான், வாங்குகிறவன் ஒன்று சொன்னான், வண்டிக்காரன் இன்னொன்று சொன்னான். வெயில் சாயும்வரை வாதாடினார்கள். ஒன்றும் தெளியவில்லை. கடைசியில், நேரில் கேட்டுவரலாம் என்று மூன்று பேரை அரண்மனைக்கு அனுப்பினார்கள். அதற்குமுன் அந்த ஊரிலிருந்து யாரும் கேள்வி கேட்க அரண்மனைக்குப் போனதே இல்லை.

ஆகவே, பெரியோரே, பிள்ளைகளே: புரியாததைப் புரிந்ததாகக் காட்டுகிறவன் ஊரையே ஏமாற்றுகிறான், புரியவில்லை என்று துணிந்து சொல்கிறவனால்தான் ஊர் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்கிறது.